தில்லையம்பலத்தின் கையிருப்புக் காற்று

மாக்கஸ் கத்துவார். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் தெரிந்தது அதுதான்.

கிழமை நாட்களில் அவருக்கு மிசிசாகாவில் விமான நிலையத்து வேலை. பயணப் பெட்டிகள் சுற்றிவரும் பெல்ற்றுகளைத் திருத்துவார். வியாழக்கிழமை பின்னேரங்களில் ஸ்காபரோவில் ஒரு நீச்சல் தடாகத்தில் ஸ்கூபா பழக்குவார். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் மூச்சுவிடுகிற வித்தை. பதினாறு வருஷத்தில் அவரிடம் பழகிய ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஆனால் மாஸ்க்கைத் துடைக்க மறந்தவர்கள், இடுப்பு பெல்ற்றை மாறிப் பூட்டியவர்கள், மூச்சை அடக்கியவர்கள் எல்லோரும் தங்கள் பரம்பரையைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டுதான் கரையேறினார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் அந்த வருஷம் ஆவணிக் கடைசியிலிருந்து ஐந்து கிழமையாக ஒரேயொரு மாணவருக்கு மட்டும் சீனிப்பாகு காய்ச்சி ஊற்றினார்.

மாணவரின் பெயர் தில்லையம்பலம். வயது ஐம்பத்தொன்பது. ஸ்காபரோவில் புடவைக் கடை, மார்க்கம் நகரில் வீடு, இரண்டுக்கும் நடுவே அவரைவிட அரை அடி முன்னால் நடந்துபோகிற வயிறு. பதிவுப் படிவத்தில் ‘ஏன் பழக விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு ‘முழங்கால் நோ’ என்று எழுதியிருந்தார். அது பொய் என்று மாக்கஸுக்குத் தெரியும். மாக்கஸுக்குத் தெரியும் என்பது தில்லையம்பலத்துக்குத் தெரியாது.

முதல் வகுப்பு நடந்த அன்று காலையில் மகன் மரியோ தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான்.

“அப்பா, இண்டைக்குப் புதுசா ஒரு அங்கிள் வருவார். தில்லையம்பலம் எண்டு பேர். அவர்தான் மயூரியின்ர அப்பா.”

“அவருக்கு ஏன் இந்த வயசில ஸ்கூபா?”

“அவர் பழக வரேல்லை. உங்களைப் பார்க்க வாறார்.”

மரியோவும் மயூரியும் விரும்பத் தொடங்கி நாலு வருஷம். மயூரியின் தகப்பன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “விசாரிக்கிறன்” என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்க வேதக்காரர் என்பதைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லை. ஆள் எப்படி என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மாக்கஸ் குடும்பம் போகிற கோயிலில் விசாரித்தார். வேலையிடத்தில் விசாரித்தார். மாக்கஸின் ஊரான மன்னாரில் இருந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரரை அனுப்பி அங்கேயும் விசாரித்தார். எல்லோரும் ஒரே குரலில் “தங்கமான குடும்பம்” என்றார்கள். அந்த ஒரே குரல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் புடவை வாங்கி விற்றவர், நாலு பேர் சேர்ந்து புகழ்ந்த சரக்கை ஒருநாளும் பிரித்துப் பார்க்காமல் எடுத்ததில்லை. அதனால் தானே நேரில் வந்து பிரித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டார்.

“உங்களுக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியக்கூடாது” என்றான் மரியோ. “அவர் வேண்டாம் எண்டால் மயூரி வரமாட்டாள் அப்பா. அவள் எனக்கு நேராகவே சொல்லிப்போட்டாள். ப்ளீஸ், கத்தாதேங்கோ. என்ன பிழை விட்டாலும் பாஸ் போட்டு விடுங்கோ.”

மாக்கஸின் மனைவி றீற்றா இதையே சுருக்கமாகச் சொன்னாள். “நீங்கள் வாயைத் திறந்தால் பிள்ளையின்ர கலியாணம் போச்சு.”

முதல் வகுப்பில் தில்லையம்பலம் மாஸ்க்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மூக்குக்கென்று இருக்கும் பள்ளம் நெற்றியில் இருந்தது. பக்கத்தில் அட்சயா என்ற தாதிப் பெண், இருபத்துநாலு வயது, தண்ணீரில் மிதக்காமல் இறங்குவதற்கான ஈய பெல்ற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, அது பெல்ற், ஒட்டியாணம் இல்லை” என்று மாக்கஸ் அவள்மேல் பாய்ந்தார். “வலக்கையால ஒரு இழுவையில கழரவேணும். உப்பிடிப் பூட்டினால் அடியில கிடந்து அவிழ்த்துக்கொண்டு இருப்பாய், நாங்கள் மேல நிண்டு செபமாலை சொல்லுவம்.”

பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். குரல் இளநீராக மாறியது.

“அண்ணை, வலு வடிவாப் போட்டிருக்கிறியள். உதை ஒருக்கா மற்றப் பக்கம் திருப்பினால் இன்னும் வடிவா இருக்கும்.”

“சேர், அவர் மாஸ்க்கை அப்சைட் டவுனாப் போட்டிருக்கிறார்” என்றாள் அட்சயா.

“நீ உன்ர பெல்ற்றைப் பார்.”

ஒவ்வொரு வியாழனும் இப்படியே போனது. தில்லையம்பலம் தண்ணீருக்குள் இறங்கியதைவிடக் கரையில் இருந்து கேள்வி கேட்டதுதான் அதிகம். கேள்விகள் எல்லாம் ‘பொதுவாக’ இருக்கும்.

“மாஸ்டர், பொதுவாக் கேக்கிறன். இந்தக் காலத்துப் பெடியள் எல்லாம் குடிக்கிறவங்கள், என்ன?”

“பொதுவாச் சொன்னால், சில பெடியள் தொடுறதே இல்லை அண்ணை.”

“சில பெடியள் எண்டால், என்ன வயசு மட்டில?”

“ஒரு இருபத்தெட்டு.”

“ஓ.” தில்லையம்பலம் கால்களைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டு யோசித்தார். “கோவம்?”

“கோவம் எண்டால் என்னெண்டே தெரியாது.”

“தகப்பன்மாருக்கு?”

“தகப்பன்மாருக்கும்தான்” என்று மாக்கஸ் சொன்னபோது, தடாகத்தின் மற்றக் கரையில் இருந்த அட்சயாவுக்குப் புரைக்கேறியது.

மாக்கஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீருக்கு அடியில் யாரும் பேச முடியாது. ஆளாளுக்கு எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரின் சிலிண்டரோடும் தொங்குகிற கேஜ் காட்டும். நிரம்பிய சிலிண்டர் என்றால் முள் மூவாயிரத்தில் நிற்கும். ஆயிரத்துக்கு வந்தால் எல்லோரும் மேலே ஏறவேண்டும். ஆசிரியர் சைகையால் கேட்பார், மாணவர் விரலால் எண்ணிக்கை காட்டுவார். மற்ற ஆசிரியர்கள் அதோடு தலையாட்டிவிட்டுப் போவார்கள். மாக்கஸ் அப்படி விடமாட்டார். விரல் காட்டி முடிந்த கையோடு கேஜைப் பிடித்து இழுத்துத் தன் கண்ணால் பார்ப்பார். சரியாக இருந்தாலும் பார்ப்பார். பதினாறு வருஷம் ஒருவருக்கும் கீறல் விழாததற்குக் காரணம் கத்தல் இல்லை, இந்தப் பார்வைதான்.

தில்லையம்பலத்தின் கேஜை மட்டும் அவர் இழுத்துப் பார்க்கவில்லை. வருங்காலச் சம்பந்தி ஒரு எண்ணைச் சொல்ல, அதை அந்த மனிதரின் முன்னாலேயே பிடித்துச் சரிபார்ப்பதா? சபையில் வைத்து ‘நீ பொய்யன்’ என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதானே. அதனால் ஒவ்வொரு முறையும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

ஒக்ரோபரில் வருகிற நன்றிநவிலல் விடுமுறைக் கிழமை வந்தது. ஏரிக்குப் படகு போகிற கடைசிச் சனி ஞாயிறு. சனிக்கிழமை இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை ஏரியில் இறங்கி ஏறினால் பாஸ் பண்ணியதற்கான காட் கிடைக்கும். தவறினால் ஐஸ் உருகி அடுத்த மே மாதம் வரவேண்டும்.

விடிய ஐந்தரைக்கு மாக்கஸின் வான் புறப்பட்டது. முன்னால் தில்லையம்பலம், பின்னால் அட்சயா, அவளுக்குப் பின்னால் சிலிண்டர்கள். ஒஷாவா தாண்டியதும் மாக்கஸ் றீற்றா கட்டித் தந்த பெட்டியைத் திறந்தார்.

“மரக்கறி ரோல் அண்ணை. புதுச் சட்டி, புது எண்ணெய். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

தில்லையம்பலம் ரோலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “நான் இண்டைக்குச் சைவம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

மாக்கஸுக்கு வியர்த்தது. “புரட்டாசிச் சனி எல்லோ அண்ணை.”

“நீங்கள் வேதக்காரர் எல்லோ மாஸ்டர்?”

“எயார்போட்டில நிறையச் சைவக்காரர் வேலை செய்யினம்.”

தில்லையம்பலம் ரோலைக் கடித்தார். நன்றாக இருந்தது போலும், இன்னொன்று எடுத்தார். ஆனால் மேலே ஏறிய அவருடைய இடப் புருவம் கிங்ஸ்ரன் வந்தும் கீழே இறங்கவில்லை.

படகுத்துறையில் காற்று ஊசியாகக் குத்தியது. கரையோரத்து மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன. தண்ணீர் பதினொரு பாகை. அந்தக் குளிருக்கு உடம்போடு ஒட்டுகிற தடித்த றப்பர் உடுப்பு போடவேண்டும். தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிக்கிற மாதிரி, மாக்கஸ் ஒரு பக்கமும் படகுக் கப்டன் மறுபக்கமுமாக இழுத்துத் தில்லையம்பலத்தை அதற்குள் ஏற்றினார்கள். கழுத்துக்கு மேலே முகம் மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் மிச்சம் இருந்தது.

“இதில ஒரு அளவு கூட இல்லையோ மாஸ்டர்?”

“இதுதான் அண்ணை பெரிசு.”

“உள்ளுக்கு ஒண்டும் வச்சிருக்க மாட்டினமோ? கேட்டுப் பாருங்கோ.”

கரையிலிருந்து இருபது நிமிஷ ஓட்டத்தில் ஒரு பழைய மரக்கப்பல் ஏரியின் அடியில் கிடந்தது. பார்லி ஏற்றிக்கொண்டு போன, மூன்று பாய்மரம் கொண்ட கப்பல் என்று கப்டன் சொன்னார். உப்பில்லாத நல்ல தண்ணீர், அதுவும் குளிர்ந்த தண்ணீர் என்பதால் மரத்தை அரிக்கிற கடற்புழு இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் பலகை பலகையாக அப்படியே இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்பது அடி இறங்கினால் அதன் பின்பக்கம் வரும்.

முதல் தடவை மூன்று பேரும் இறங்கினார்கள். பச்சைத் தண்ணீருக்குள் கப்பல் ஒரு கருத்த மேடு மாதிரித் தெரியத் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை. மாக்கஸ் சைகையால் எவ்வளவு காற்று என்று கேட்டார். அட்சயா இரண்டாயிரத்து முந்நூறு என்று காட்டினாள். மாக்கஸ் அவள் கேஜை இழுத்துப் பார்த்தார். சரி. தில்லையம்பலம் ஒற்றை விரலை நிமிர்த்தினார். ஆயிரம்.

மாக்கஸுக்குத் திக்கென்றது. பத்து நிமிஷத்தில் இரண்டாயிரமா? மனுஷன் மூச்சு விடுகிறாரா, குடிக்கிறாரா? உடனே எல்லோரையும் மேலே ஏற்றினார். கப்பலை ஒருவரும் பார்க்கவில்லை.

படகில் கப்டன் தில்லையம்பலத்தின் சிலிண்டரைக் கழற்றியவர், கேஜைப் பார்த்துவிட்டு மாக்கஸிடம் நீட்டினார். முள் இரண்டாயிரத்து இருநூறில் நின்றது.

“அண்ணை” என்றார் மாக்கஸ் மிக மெதுவாக. “இதில இரண்டாயிரத்து இருநூறு கிடக்கு.”

“ஓம்.”

“நீங்கள் ஆயிரம் எண்டெல்லோ காட்டினியள்?”

“நீங்கள் எவ்வளவு மிச்சம் எண்டு கேட்டனீங்கள்.”

“கேட்டால்?”

தில்லையம்பலத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “மாஸ்டர், கடைக்கு வாற ஆள் எத்தினை மிச்சம் கிடக்கு எண்டு கேட்டால், கிடக்கிறதையே சொல்லுறது? உள்ளுக்கு முப்பது சீலை கிடந்தாலும் கடைசி இரண்டுதான் எண்டு சொல்லுவம். முழுக் கையிருப்பையும் வாயால சொல்லுறவன் கடை நடத்தேலாது.”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. ஏமாற்றவும் நினைக்கவில்லை. முப்பது வருஷம் பழகிய கை, மிச்சம் எவ்வளவு என்ற கேள்வியைக் கண்டதும் தானாகவே எழும்பிப் பொய் சொல்லியிருந்தது.

மாக்கஸின் தொண்டைக்குள் ஐந்தாறு வசனங்கள் வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றையும் சுடுகோப்பியோடு சேர்த்து விழுங்கினார்.

“உது நல்ல பழக்கம் அண்ணை. ஆனால் தண்ணிக்குள்ள குறைச்சுச் சொன்னால் எல்லாரும் மேல வரவேண்டி வரும் எல்லோ.”

“விளங்குது மாஸ்டர். என்னால எல்லாருக்கும் நட்டம். இனிக் குறைச்சுச் சொல்லமாட்டன்.”

“எனக்கு எண்டால் இவ்வளவுக்குக் கத்தி முடிச்சிருப்பீங்க” என்று அட்சயா துவாய்க்குள்ளிருந்து சொன்னாள். “திஸ் இஸ் நொட் ஃபெயார்.”

அவள் சொன்னது நியாயம். வேறு யாராவது என்றால் மாக்கஸ் அந்த இடத்திலேயே உடுப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார். குறைந்தது அடுத்த தடவை கேஜை நானே பார்ப்பேன் என்றாவது சொல்லியிருப்பார். வாய்வரை வந்தது. கூடவே மரியோவின் முகமும் வந்தது. பேசாமல் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் தடவை கப்பல் அவர்களுக்குத் தன்னைக் காட்டியது. வெயில் ஏறி, தண்ணீர் தெளிந்திருந்தது. சாய்ந்து படுத்திருந்த தளம், நங்கூரம் இழுக்கிற உருளை, அதில் இன்னும் சுற்றிக் கிடந்த சங்கிலி, எல்லாவற்றின்மேலும் சின்னச் சின்னச் சிப்பிகள் மயிர்க்கூச்செறிந்தது போல ஒட்டிக்கிடந்தன. சரக்கு இறக்குகிற வாசலுக்குள்ளிருந்து ஒரு பெரிய மீன் வெளியே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்ப உள்ளே போனது.

தில்லையம்பலம் மயங்கிப்போனார். தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையும் பலகையும் சேர்கிற மூட்டுகளுக்கு முகத்தைக் கொண்டுபோய், நெசவு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாஸ்க்குக்குள் அவருடைய கண்கள் பெருத்துக் கிடந்தன. சரக்கறை வாசலுக்கு மேலே வந்ததும் மிதந்தபடி நின்று, உள்ளே எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று விரலால் எண்ணினார். நூறு தடவைக்கு மேல் அந்தக் கப்பலைப் பார்த்துச் சலித்த மாக்கஸுக்குக்கூட, இந்த மனுஷனோடு சேர்ந்து பார்த்தால் இன்னொரு முறை பார்க்கலாம் போல் இருந்தது. சம்பந்தியாக வந்தால் மோசமில்லை என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

எவ்வளவு காற்று என்று கேட்டார். இரண்டாயிரம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு. தலையாட்டினார்.

பிறகு மேலே போவோம் என்று கட்டைவிரலை உயர்த்தினார். தில்லையம்பலம் ஐந்து விரலை விரித்தார். இன்னும் ஐந்து நிமிஷம். மாக்கஸ் இரண்டு காட்டினார். தில்லையம்பலம் நாலு காட்டினார். நாற்பது அடி ஆழத்தில், கையுறை போட்ட விரல்களால், மூன்று நிமிஷத்துக்குப் பேரம் படிந்தது. படிந்த சந்தோஷத்தில் தில்லையம்பலம், கேட்காமலே, தன் கையிருப்பை இன்னொரு முறை காட்டினார். ஒரு விரல், பிறகு ஆறு விரல். ஆயிரத்து அறுநூறு.

மாக்கஸ் அப்படியே நின்றுவிட்டார். நேரம் போகப் போகக் காற்றுக் கூடுகிற சிலிண்டரை அவர் பதினாறு வருஷத்தில் கண்டதில்லை.

சம்பந்தி, சபை, மரியாதை எல்லாம் ஒரு கணத்தில் கழன்று விழ, எட்டி அந்தக் கேஜைப் பிடித்து இழுத்தார். முள் சிவப்புக்குள் இருந்தது. நானூறு.

அதற்குப் பிறகு நடந்தது பழக்கத்தால் நடந்தது. தன்னுடைய மேலதிக வாய்க்குழாயை எடுத்துத் தில்லையம்பலத்தின் வாயில் திணித்தார். அவருடைய தோள்வாரை இறுக்கிப் பிடித்தார். அட்சயாவுக்குக் கைகாட்ட, அவள் பதறாமல் மறுபக்கத்தில் வந்து சேர்ந்தாள். அவசரப்படாமல், குமிழிகளை முந்தாமல், மெல்ல மெல்ல ஏறினார்கள். பதினைந்து அடியில் மூன்று நிமிஷம் நிற்கவேண்டும் என்பது விதி. ஒரே சிலிண்டரில் இரண்டு தகப்பன்மாரும் மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார்கள். பேச முடியாத அந்த மூன்று நிமிஷத்தில் மாக்கஸுக்குள் ஐந்து கிழமைப் பாகும் கொதித்து வற்றிக் கருகியது.

படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றினார்.

“ஐசே, உமக்கு எத்தினை வயசு?”

தில்லையம்பலம் வாயைத் திறந்தார்.

“பேசாதையும். நானூறு. நானூறு கிடக்கேக்க ஆயிரத்து அறுநூறு எண்டு காட்டுறீர். ஆருக்குக் காட்டுறீர்? நான் என்ன உம்மட கடைக்குச் சீலை எடுக்க வந்தனானே? இன்னும் கொஞ்ச நேரம் நிண்டிருந்தால், அந்தக் கப்பலோட சேர்த்து உம்மையும் பார்க்க ஆக்கள் ரிக்கெற் எடுத்து வந்திருப்பினம்.”

“மாஸ்டர், குறைச்சுச் சொல்லவேண்டாம் எண்டு நீங்கள்தானே…”

“குறைச்சுச் சொல்லாதையும் எண்டால் கூட்டிச் சொல்லும் எண்டோ அர்த்தம்? உந்தத் தலைக்குள்ள மூளை கிடக்கோ, இல்லை அதுவும் கடைசி இரண்டுதானோ? மாஸ்க்கைத் தலைகீழாப் போட்டுக்கொண்டு வந்த அண்டைக்கே உம்மைக் கழுத்தில பிடிச்சு வெளியால விட்டிருக்கவேணும். அங்க என்ர பெடியன் உம்மட மகளைக் கட்டவெண்டு நாலு வருஷமாக் காத்துக்கொண்டு நிக்கிறான். உம்மைப் பெட்டியில கொண்டுபோய் அந்தப் பிள்ளைக்கு முன்னால வச்சுப்போட்டு, இனி ஆரிட்டை ஐசே சம்மதம் கேக்கிறது?”

கப்டனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சொல்லக்கூடாதது வாயைவிட்டுப் போய்விட்டது என்பது மாக்கஸுக்கு மெல்லத்தான் உறைத்தது.

“வெயிற்” என்றாள் அட்சயா. “என்ன மகள்?”

தில்லையம்பலம் மூக்கிலிருந்து வடிந்த தண்ணீரைத் துடைத்தார். “அப்ப உமக்குத் தெரியும்.”

“முதல் நாளே தெரியும்.”

“ம்.”

அவ்வளவுதான். கரைவரைக்கும் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாக்கஸ் படகின் மற்ற ஓரத்தில் சிலிண்டர்களைத் தேவையில்லாமல் திரும்பத் திரும்பக் கட்டினார். மனதுக்குள் மரியோவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வசனத்தைத் தொடங்குவார், அது பாதியில் உடையும். றீற்றாவுக்குச் சொல்ல வசனமே தேவையில்லை. அவள் முகத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவாள்.

வான் நெடுஞ்சாலையில் ஏறி அரைமணி நேரம் ஆகியது. அட்சயா பின்னால் நித்திரை கொள்ளுகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குள் இருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டாள்.

“இண்டைக்கு வீட்ட போய் மயூரிக்கு வேண்டாம் எண்டு சொல்ல இருந்தனான்” என்றார் தில்லையம்பலம்.

மாக்கஸ் வீதியைப் பார்த்தார். “நியாயம். நான் பேசின பேச்சுக்கு…”

“பேச்சுக்கு இல்லை. அதுக்கு முதலே. விடிய அந்த ரோல் சாப்பிடேக்கயே முடிவெடுத்திட்டன்.”

“ரோலில என்ன பிழை?”

“ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிழை. ஐஞ்சு கிழமையா நானும் தேடுறன், உம்மில ஒரு குறை இல்லை. கோவம் இல்லை, குடி இல்லை, மாஸ்க்கைத் தலைகீழாப் போட்டாலும் வடிவு எண்டுறீர். முப்பது வருஷ வியாபாரம் ஐசே. பட்டில கறை இருந்தால்தான் நாங்கள் கூடுதலாச் சிரிப்பம். தேத்தண்ணி எடுப்பிப்பம். கறை விழுந்த மடிப்பை உள்ளுக்கு வச்சு விரிப்பம். இந்தாள் என்னத்தை மடிச்சு வச்சிருக்கிறார் எண்டு எனக்கு நித்திரை இல்லை. பெடியன் முதலே ஒருத்தியைக் கட்டி விட்டிட்டானோ, கோட்டில வழக்குக் கிடக்கோ எண்டெல்லாம் யோசிச்சன்.”

“ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை.”

“அப்ப குறையைச் சொல்லும்.”

“என்ன குறை?”

“பெடியன்ர குறை. பொதுவா இல்லை. உம்மட மகன்ர.”

மாக்கஸ் மூச்சை இழுத்துவிட்டார். நாலு வருஷமாக மகனைப் புகழ ஆயத்தமாக இருந்த நாக்கு, கொஞ்சம் தடுமாறி, பிறகு வழிக்கு வந்தது.

“லீவு நாளில பத்து மணிக்கு முதல் எழும்பான். சப்பாத்துப் பத்தொன்பது சோடி வச்சிருக்கிறான், கால் இரண்டுதான். சமைக்கத் தெரியாது, ஆனால் தெரியும் எண்டு நினைக்கிறான், அதுதான் ஆபத்து. முதல் வேலையை மனேஜரோட சண்டை கொழுவிப்போட்டு விட்டவன். கோவம் வந்தால் கத்தமாட்டான், தாயைப் போல மூண்டு நாள் கதைக்கமாட்டான்.”

“அது என்ர மகளும் அப்பிடித்தான்.”

“அப்ப வீடு நல்ல அமைதியா இருக்கும்.”

தில்லையம்பலம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து இருக்கையில் சாய்ந்தார். அன்று காலைக்குப் பிறகு அவருடைய இடப் புருவம் அப்போதுதான் கீழே இறங்கியது.

“இப்பதான் பொருளைக் கண்ணால கண்டனான்” என்றார். “நல்ல பொருள். எனக்குச் சம்மதம்.”

மாக்கஸுக்குக் கண் கலங்கியது. பாதை தெரியவேண்டும் என்பதற்காகத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப, என்ர காட்?” என்றார் தில்லையம்பலம்.

“பெயில்.”

“நாங்கள் இப்ப சம்பந்தி ஐசே.”

“அதாலதான் பெயில். நாளைக்கு நீர் வீட்டில. மே மாசம் திரும்ப வாரும்.”

“பாதிக் காட் ஒண்டு தரேலாதோ?”

“பாதித் தண்ணிக்குள்ள மட்டும் நிப்பீர் எண்டால் தாறன்.”

“அப்ப நான்?” என்று பின்னாலிருந்து நித்திரை கேட்டது.

“நீ நாளைக்கு வா பிள்ளை. இண்டைக்கு நிண்ட மாதிரி நிண்டால் பாஸ்.”

தில்லையம்பலம் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கௌரவம் எங்கேயோ இடித்துக்கொண்டிருந்தது. ஒஷாவாவுக்குக் கிட்ட அது வெளியே வந்தது.

“கலியாண வீட்டுக்கு எனக்குப் போட்டியாக் கடை வச்சிருக்கிற சண்முகலிங்கமும் வருவான். பொம்பிளையின்ர தகப்பனை மாப்பிள்ளையின்ர தகப்பன் பெயிலாக்கிப்போட்டார் எண்டு அவன் மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிவான். அது சரிவராது. முதல் நான் பாஸ் பண்ணுறன். பிறகு தாலி.”

“நீர் பாஸ் பண்ணாவிட்டால்?”

“நீர் பாஸ் போடும்.”

“போடமாட்டன்.”

“தெரியும்” என்று தில்லையம்பலம் பெருமூச்சு விட்டார். “அதுதான் பிரச்சினை.”

அடுத்த நாள், அட்சயாவுக்குப் பாஸ் போட்டுவிட்டு மாக்கஸ் வீடு திரும்பியபோது, றீற்றா குசினி மேசையில் இரண்டு கலண்டர்களை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஒன்று தேவாலயம் கொடுத்தது, மற்றது தில்லையம்பலத்தின் கடை கொடுத்தது. மயூரியும் மரியோவும் ஆளுக்கொரு பக்கம். தவக்காலத்தில் கோயிலில் கலியாணம் எழுதமாட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்தாலும் ஏரி மே நடுப்பகுதி வரைக்கும் கைகால் விறைக்கிற குளிர், அதற்குள் பரீட்சை வைக்க ஏலாது. ஆடி பிறந்தால் தில்லையம்பலம் வீட்டில் ஒரு நல்ல காரியமும் இல்லை. வேதமும் சைவமும் ஏரியும் சேர்ந்து மிச்சம் விட்டது எட்டுக் கிழமை. அதற்குள் அந்த மனுஷன் உள்ளதை உள்ளபடி காட்டப் பழகவேண்டும்.

“ஒரு பாஸைப் போட்டால் குறைஞ்சே போவீங்கள்?” என்றாள் றீற்றா.

“அங்கிள், அப்பா அவ்வளவு மோசமோ?” என்றாள் மயூரி.

“மற்றதெல்லாம் செய்வார் பிள்ளை. மிச்சம் எவ்வளவு எண்டு கேட்டால்தான் கை தானாப் பொய் சொல்லுது.”

மயூரி மரியோவைப் பார்த்தாள். அடுத்த வியாழன் ஆறு மணிக்கே இரண்டு பேரும் நீச்சல் உடுப்போடு தடாகத்தில் வந்து நின்றார்கள்.

மார்கழிப் பனி கண்ணாடிக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்த ஒரு வியாழனில், தில்லையம்பலம் தடாகத்தின் அடியில் மண்டியிட்டிருந்தார். வலப்பக்கம் மகள், இடப்பக்கம் மருமகன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒருவர் மாறி ஒருவர் சைகையால் கேட்பார்கள். அவர் விரலைக் காட்டுவார். காட்டி முடிக்க முதலே இரண்டு பேரும் இரண்டு பக்கத்தாலும் கேஜைப் பிடித்து இழுப்பார்கள். ஏழாவது தடவை தில்லையம்பலம் பொறுக்காமல் மேலே வந்து வாய்க்குழாயைத் துப்பினார்.

“மாஸ்டர், தாலி கட்ட முதலே இதுகள் இரண்டும் ஒரு பக்கம் சேர்ந்திட்டுதுகள்.”

“எவ்வளவு காட்டினீர்?”

“ஆயிரத்து எண்ணூறு.”

மாக்கஸ் மரியோவைப் பார்த்தார். மரியோ தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, “ஆயிரத்து எழுநூற்று ஐம்பது” என்றான்.

“ஐம்பது ஒரு வித்தியாசமோ ஐசே?” என்றார் தில்லையம்பலம்.

“கீழ இறங்கும்” என்றார் மாக்கஸ்.